கை வைத்தால் நிற்கிற இரைச்சல்

தகரக் கொட்டகையில் ஆரம்பித்து இன்று கான்கிரீட் கூரை போட்டு நிற்கிற மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்று. அதற்குள் மூன்று டன் தூக்கும் கிரேன், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சட்டங்களை வைத்து நானே வெல்டிங் செய்தது. சைக்கிள் செயினில் ஓடும் காயில் சுற்றும் மிஷின் ஒன்று. சரிசெய்த மோட்டாரைச் சோதிக்க, லாரி பிரேக் டிரம்மில் செய்த லோடு பெஞ்ச் ஒன்று. மாடி வைத்த வீடு ஒன்று. வீட்டுக்குப் பின்னால், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்துக் குழி ஒன்று, எட்டடி ஆழம், கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி என் கையாலேயே மூடியது. இவ்வளவையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டினேன். பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. இனி ஓடாது, காயலான் கடைக்குப் போடு என்று படித்தவர்கள் எழுதிக் கொடுத்த மோட்டார்கள் என் கைபட்டு இன்னும் தொழிற்பேட்டையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வரிசையில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பாட்டு. அதில் என் பங்கு என்ன என்று யாரும் எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் மகள் பாடுவாள். கல்யாண மேடைக் கச்சேரிகளில் பத்து வருஷம் பாடினாள். அந்தக் குழு கலைந்த பிறகு, இங்கே ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பாட்டு அத்தோடு போயிற்று என்றுதான் நானும் அவள் அம்மாவும் நினைத்தோம். சென்ற வருஷம் சென்னையில் பாட்டுக்கு இசை அமைக்கிற ஒருவர் அவள் குரலை யாரோ போனில் எடுத்த வீடியோவில் கேட்டிருக்கிறார். கோரஸ் பாட ஆள் தேவை, ஒரே ஆள் பல குரலில் பாடி, வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பத் தெரிந்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். சோதனைக்கு ஒரு பாட்டு. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இன்னொரு பெண்ணிடமும் இதே பாட்டைக் கொடுத்திருக்கிறார். முதலில் சுத்தமாக வருவது யாருடையதோ, வேலை அவர்களுக்கு.

பாடுவதற்கு மைக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டியும் பழைய குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். கம்ப்யூட்டர்தான் இல்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள்.

"நைனா, என்கூட வேல செய்ற அக்கா லேப்டாப்பு தரேன்னு சொல்லிக்கீறாங்க. ரெண்டு நாளைக்கி வாங்கியாரட்டா?"

"இன்னாத்துக்கு அடுத்தவங்க பொருளு? பட்டறை ஆபீஸ்ல கம்ப்யூட்டரு கல்லு மாதிரி குந்திக்கினு கீது."

"அது பதினோரு வருசத்துப் பொட்டி. பில்லு போடத்தான் லாயக்கு."

"நானு அறுபத்தேழு வருசத்துப் பொட்டி. ஓடலியா?"

அவள் அம்மா சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அந்த அக்காவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆர்.கே.பேட்டையில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அதாவது, என் வார்த்தையை நம்பி அவள் கையில் இருந்ததை விட்டாள். இதைப் பிறகு அவள் எனக்குப் பலமுறை சொல்லிக் காட்டினாள். சொல்லத் தேவையே இல்லை, எனக்கே தெரியும்.

சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டரை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். பதிவு செய்கிற சாப்ட்வேர் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் வரியிலேயே இடித்தது. மெமரி எட்டு ஜிபி கேட்டார்கள், இதில் நான்குதான்.

"போச்சு," என்றாள்.

இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய அன்றே இதே மாதிரி இன்னொன்றும் வாங்கினேன். அது இடி விழுந்து செத்து, பட்டறைப் பரணில் கிடந்தது. போய் எடுத்து வந்தேன். அதன் மெமரிப் பட்டையைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கிற பல்லை எல்லாம் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, இதில் காலியாக இருந்த இடத்தில் அழுத்தினேன். இரண்டு தரம் பீப் என்று கத்திவிட்டு எழுந்தது. எட்டு காட்டியது. சாப்ட்வேரும் திறந்தது.

மகள் முகத்தில் வெளிச்சம் வந்தது. மணி ஒன்பது. படுக்கை அறையில் ஜன்னலுக்கும் சுவருக்கும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மைக்கை நிறுத்தி, பாடுவதற்குத் தயாராகிவிட்டாள். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன்.

"இப்ப பாடாத. மொதல்ல லோடு குட்த்துப் பாக்கணும்."

"இன்னா லோடு? தொறந்துகிச்சி, ஓடுது. போதாதா?"

எங்கள் தொழிலில் காயில் மாற்றிய மோட்டார் வெறுமனே சுற்றினால் அதற்குப் பெயர் ஓட்டம் இல்லை. வெறுமனே எந்த மோட்டாரும் சுற்றும். பாரத்தைக் கட்டி ஒரு மணி நேரம் ஓட்டி, உடம்பில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் பட்டறையை விட்டு வெளியே அனுப்புவேன். அதன் முதுகில் கம்பெனிக்காரன் அடித்த தகட்டில் என்ன சக்தி எழுதியிருந்தாலும் சரி. தகட்டை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் கையில் இருந்த பட்டியலும் எனக்கு ஒரு தகடுதான்.

"மொத்தம் எத்தினி கொரலு பாடப் போற?"

"பதினாலு."

"அப்ப பதினாலு கொரலு இருக்கிற மாதிரி வெச்சி ஓட்டு. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம் வெறுமனே பாத்துக்கினு குந்தணுமா? ஆறு மணிக்கி அனுப்பணும் நைனா."

"பட்டறைல பண்ற பேஜார எல்லாம் ஊட்டுக்குள்ள பண்ணாதயா," என்று சமையலறையிலிருந்து அவள் அம்மா.

நான் நகரவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போதோ பாடி வைத்திருந்த ஒரு துண்டைப் பதினான்கு தரம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டாள். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. இருபதில் டக் டக் என்று இடையில் வெட்ட ஆரம்பித்தது. முப்பத்தெட்டாவது நிமிஷம் திரை கறுத்துப் போயிற்று. கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது.

மகள் கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப்பு வாங்கியாரேன்னு சொன்னேன்," என்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அதைச் சொல்ல நேரமில்லை. நான் லோடு கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் ஆறாவது ஏழாவது குரல் பாடிக்கொண்டிருக்கும்போது அது அணைந்திருக்கும். பாடியது எல்லாம் போயிருக்கும்.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே மூளை மாதிரி இருக்கிற சிப்பின் மேல் ஒரு அலுமினியக் கட்டை, அதன் மேல் சின்ன விசிறி. கட்டையின் இடுக்கெல்லாம் பதினோரு வருஷத்துப் பட்டறைத் தூசி, கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. விரல் வைத்தால் சுட்டது. எனக்குத் தெரிந்த வியாதி. ஊதுகிற மிஷினை எடுத்து வந்து, விசிறி இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, முழுவதும் ஊதினேன். அலுமினியக் கட்டைக்கும் சிப்புக்கும் நடுவே பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகப் போயிருந்தது. அதைத் துடைத்து, புதுப் பசை பூசினேன். அந்தப் பசை என்னிடம் எப்போதும் இருக்கும். கன்ட்ரோல் பேனல்களில் சூடாகிற சாமான்களுக்கு அடியில் தடவுகிற அதே வெள்ளைப் பசை. கடைசியாக, அந்தச் சின்ன விசிறியை மட்டும் நம்பாமல், பேனலில் மாட்டுகிற பெரிய விசிறி ஒன்றைக் கொண்டுவந்து திறந்த பக்கத்தில் கட்டினேன்.

மறுபடி பதினான்கு குரல். மறுபடி ஒரு மணி நேரம். இந்தத் தடவை மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டக் டக் இல்லை, அணையவும் இல்லை. கட்டையில் கை வைத்தேன், வெதுவெதுப்புதான். மணி ஒன்றாகியிருந்தது.

"ம், பாடு," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சாப்பிடப் போனேன்.

மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைவதற்குள் கூப்பிட்டாள்.

"நைனா, இத்த கேளு."

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். அவள் குரல் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாத்தான கீது."

"அந்த உய்ய்ன்னு ஒரு சத்தம்."

"இன்னா சத்தம்?"

"நீ கட்டுன ஃபேன். பாட்டு பூரா அதான் ஊதிக்கினு கீது. இப்ப நான் பாடாத எடம் வரும், அங்க கேளு."

அவள் பாடாத இடம் வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். அப்போதும் ஒன்றும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தொழிற்பேட்டையில் அதற்காகவே என்னைக் கூப்பிட்டு அனுப்பியவர்கள் உண்டு. அது எலும்பு வழியாக வருகிற சத்தம். காற்று வழியாக வருகிற சத்தம் எனக்கு எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது. நாற்பது வருஷம் விசிறிகளுக்கு நடுவே இருந்தவனுக்கு விசிறிச் சத்தம் சத்தமே இல்லை. என் பட்டறையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும். மகளுக்காகத் தேடி எடுத்து நான் கட்டியது பட்டறைக்காரர்களான எங்களில் யாருக்கும் கேட்காத, மைக்குக்குக் கேட்கிற ஒரு சாமான்.

"ஃபேன எட்த்துடட்டா?" என்றேன்.

"எடுத்தா அணைஞ்சிடும்."

"ஆமா."

மணி ஒன்றே முக்கால். விசிறி வேண்டும், விசிறிச் சத்தம் வேண்டாம் என்றால் ஒரே வழிதான். விசிறியை வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். படுக்கை அறை ஜன்னலுக்கு வெளியே பின்பக்கச் சந்து. துவைக்கிற கல்லும், வாஷிங் மிஷினும், எர்த்துக் குழியும் இருக்கிற இடம். முக்காலி ஒன்றைப் போட்டு அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்து, வாஷிங் மிஷின் பிளக்கிலிருந்து கரண்டு கொடுத்து, திரைக்கும் மவுஸுக்கும் மைக் பெட்டிக்கும் போகிற வயர்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, இடுக்கில் பழைய புடவையை அடைத்து மூடினேன். இரண்டரை மணிக்கு மறுபடி பாட நின்றாள்.

நான் சந்தில் காத்திருந்தேன். ஜன்னல் கொஞ்சம் திறந்தது.

"நைனா, ஃபேன் சத்தம் போயிடுச்சி."

"சொன்னேன் இல்ல."

"அதுக்கு அடில வேற ஒண்ணு கீது. கொர்ருன்னு. கரண்டு சத்தம் மாதிரி."

அழுதுவிடுவாள் போல இருந்தது. இது எனக்குக் கேட்குமா என்று சோதிக்கக்கூட நான் போகவில்லை. போய்க் கேட்காவிட்டால்? கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, மேலே என்ன செய்வது என்று யோசித்தேன். புறங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லியதாக ஒரு நமைச்சல்.

"நின்னுபோச்சி," என்றாள் உள்ளேயிருந்து. "இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. கை வெச்சேன்."

"எடு."

எடுத்தேன்.

"வந்துடுச்சி. வை."

வைத்தேன்.

"நின்னுடுச்சி."

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் உடம்பில் வைத்தேன், அதன் விளக்கு மங்கலாக எரிந்தது. மண்ணுக்குள் போக வேண்டிய கசிவு போகாமல் பெட்டியிலேயே தங்கியிருக்கிறது. வெறுங்காலோடு ஈரச் சிமெண்டில் நிற்கிற நான் கை வைத்தால் என் வழியாக இறங்குகிறது. நான்தான் எர்த்து. எர்த்துக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் மாதிரி காய்ந்து கிடந்தது. ஈரம் இல்லாத குழி கரண்டை வாங்காது. பட்டறைக் குழிக்கு வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். குழி காய்ந்திருந்ததற்காக எத்தனையோ கம்பெனிகளில் சூப்பர்வைசர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். சொந்த வீட்டுக் குழியைப் பொங்கலுக்குப் பிறகு திறக்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்களும் அதைப் பார்த்திருக்கலாம், அது வேறு விஷயம்.

உப்புக் கரைத்து எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். குடித்துக்கொண்டே இருந்தது. மண்ணில் ஊறிப் பலன் தெரிய நேரமாகும். மணி மூன்றே கால்.

"ஊறுற வரைக்கும் நிக்கறதுக்கு நேரமில்ல," என்றேன். "நான் கை வெச்சிக்கினு நிக்கறேன். நீ பாடு."

"எவ்ளோ நேரம் நிப்ப?"

"உன் பாட்டு முடியிற வரைக்கும்."

"இருமாத."

வார்னிஷ் புகையில் வந்த இருமல் எனக்கு உண்டு. அது அவளுக்குத் தெரியும். ஜன்னல் மூடியது.

ஒரு குரல் முடிந்தது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றும் நான்கு நிமிஷம், சிலதை இரண்டு தரம் பாடினாள். இடது கை பெட்டியின் மேல். வலது கையில் ரப்பர் குழாய், குழிக்குள் மெதுவாகத் தண்ணீர். அவள் பாடுவது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எப்போது நிறுத்துகிறாள் என்பதுகூடத் தெரியாமல் நின்றேன். தொண்டை அரித்தது. எச்சில் விழுங்கி விழுங்கி அடக்கினேன். பக்கத்துத் தெருவில் யாரோ லாரியை ரிவர்ஸ் எடுக்கிறார்கள் போல, என் மனைவி ஓடிப் போய்க் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வந்தாள். மோர் தம்ளரை என் வாயில் வைத்து ஊற்றினாள்.

"இன்னாயா, கம்ப்யூட்டருக்கு ஜொரம் கீதான்னு பாத்துக்கினு கீறியா?" என்று காதோரம் வந்து கேட்டாள்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். அவளை முறைத்தேன்.

ஒன்பதாவது குரல் முடிந்ததும் ஜன்னல் திறந்தது.

"நைனா, இப்ப கைய எடுத்துப் பாரு."

"எட்த்து அஞ்சு நிமிசமாச்சி. மரத்துப்போச்சி, அதான் ஒதறிக்கினு நிக்கறேன். பயந்துக்கினேதான் எட்த்தேன்."

அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இல்ல," என்றாள். "சுத்தமா இல்ல. குழி குடிச்சிடுச்சி."

பதினான்காவது குரல் முடியும்போது மணி ஐந்து இருபது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பைலாக மாற்ற வேண்டும். புது மிஷினாக இருந்தால் சொடக்குப் போடுகிற நேரமாம். இது பழசு. திரையில் ஒரு நீலக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. பாதியில் நின்றது. ஐந்து முப்பத்தைந்து. மகள் மவுஸைத் தொடப் போனாள், நான் தடுத்தேன். சந்துக்கு ஓடி விசிறிக் காற்று வெளியே வருகிற பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினேன். சூடுதான், ஆனால் லோடில் இருக்கிற மோட்டாரின் சூடு. செத்துக்கொண்டிருக்கிற மோட்டாரின் சூடு வேறு, அது எனக்குத் தெரியும். "வேல செய்து. வுடு," என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கோடு மறுபடி நகர்ந்தது. ஐம்பதுக்கு முடிந்தது. போனுக்கு மாற்றி, வீட்டுக்குள் சிக்னல் போதாது என்று மாடிக்கு ஓடினாள். நானும் முட்டி வலியோடு பின்னால் ஏறினேன். போய்ச் சேர்ந்ததாகப் போனில் காட்டியபோது ஆறு அடிக்க மூன்று நிமிஷம்.

அப்போதுதான் இருமினேன். அன்றைக்கு முழுவதும் சேர்த்து வைத்ததை இருமினேன்.

புதன்கிழமை அந்த இசை அமைக்கிறவரிடமிருந்து பதில் வந்தது. "ரொம்பச் சுத்தமா இருக்கு. எந்த ஸ்டுடியோ?" மகள் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். நான் மூன்றாம் தரமும் கேட்டேன். அந்த இன்னொரு பெண்ணுக்குப் போகாமல் வேலை இவளுக்கு வந்தது. இப்போது நான்காவது பாட்டு பாடிக்கொண்டிருக்கிறாள். அதே கம்ப்யூட்டர், அதே சந்து, மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டிருக்கிறேன்.

முதல் பாட்டு போன மாதம் வெளிவந்தது. அதன் கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. எழுதியவர், இசை, புல்லாங்குழல், தபேலா, மிக்சிங், போஸ்டர் வரைந்தவர். கோரஸ் என்று என் மகள் பெயர். அதற்கு அடுத்து, குரல் பதிவு: வீட்டில்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்த வரியை நன்றாகவே வாசித்தேன்.

"வீட்டில்னு போட்டுக்கீது. ஊடு தானா ரெக்கார்டு பண்ணிச்சா?"

"நைனா, எர்த்துக்குத் தண்ணி ஊத்துனவங்க பேரெல்லாம் போட மாட்டாங்க."

"போஸ்டர் வரஞ்சவன் பேரு கீதே. அவன் பாட்டுல எங்க வரான்?"

"நீ எங்க வர?"

"நான் வரலன்றதுதான் என் வேல. அந்த கொர்ரு வரலியே, அங்க கீறேன்."

இசை அமைக்கிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தயங்குகிறாள். ஆகவே இங்கே எழுத்தில் கேட்கிறேன். அந்த ஐயா இதை வாசித்தால் இன்னும் நல்லது. லேப்டாப்பை வேண்டாம் என்று சொல்ல வைத்தது நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்வதானால், பழைய பெட்டியைப் பாட வைத்த பேரும் எனக்குத்தான் வர வேண்டும். என் பெயரைப் போடச் சொல்லவில்லை. அடுத்த பாட்டு வெளிவரும்போது, போஸ்டர் வரைந்தவருக்கு மேலே, ஒரே ஒரு வரி போதும். எர்த்து: பாடகியின் அப்பா. எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நான் கூட்டி வாசித்துக்கொள்வேன். வரி இருக்க வேண்டும்.